இருபத்தொன்று நிரம்பாதவர்களுக்கு அல்ல

பெங்களூரிலிருந்து ஓசூர் வரும் பஸ் எல்லைச் சோதனைச் சாவடியில் நின்றதும், எல்லோரும் கேட்காமலே பைகளைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டோம். அது பழக்கம். எங்கள் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் இல்லை. போலீஸ்காரர் ஒருவர் ஏறி, ஒவ்வொரு பைக்குள்ளும் மூக்கை விட்டு முகர்ந்து பார்த்துக்கொண்டே வருவார்.

அன்று பஸ்ஸுக்குள் கொய்யாப்பழ வாசனை தூக்கலாக இருந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் கூடை நிறைய வைத்திருந்தார். போலீஸ்காரர் அவருடைய கூடையைக் கிளறிவிட்டு என் பைக்கு வந்தார். அதில் என்னுடைய இரண்டு வெள்ளைப் புடவைகளும், செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டிய ஒரு பொட்டலமும் இருந்தன.

"என்னாம்மா இது?"

"புத்தகம்ங்க."

சணலை அவிழ்த்தார். ஒரே மாதிரி பன்னிரண்டு புத்தகங்கள். மேலே இருந்ததை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே போனவர், ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். அவருடைய காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். பஸ்ஸை விட்டு இறங்காமலே கீழே பார்த்துக் கத்தினார்: "சார், இங்க கொஞ்சம் வந்து பாருங்க!"

சப்-இன்ஸ்பெக்டர் ஏறி வந்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தார், மூடினார், மறுபடி திறந்து பார்த்தார்.

"இது என்னா படம்?"

"கர்ப்பப்பை சார்."

"பொம்பளதானே நீங்க? இதையெல்லாம் தூக்கிக்கிட்டு பஸ்ல வர்றதுக்கு வெக்கமா இல்ல?"

"நீங்களும் நானும் பத்து மாசம் குடியிருந்த இடம் சார். இதுல வெக்கப்பட என்னா இருக்குது?"

பின் சீட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. சப்-இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது.

"யாருக்கு இத்தன புக்கு?"

"எங்க தாய் சேய் நிலையத்துக்கு வர்ற பொண்ணுங்களுக்கு."

"என்னா வயசு பொண்ணுங்க?"

சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. உள்ளதைச் சொன்னேன்: "பதினாறு, பதினேழு இருக்கும் சார். பதினஞ்சுலயும் வர்றாங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

சிரிப்புக் கதை அல்ல

இந்தத் தொடரைப் படித்துத் தான் வாய்விட்டுச் சிரிப்பதாகச் சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் இந்த வாரம் என்னை மன்னிக்க வேண்டும். இதை எழுத உட்கார்ந்தாலே பேனா முனை தாளைக் கிழித்துவிடுகிறது. வயதினால் என்று என் மருமகள் நினைக்கிறாள். கோபத்தினால்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தாய் சேய் நல நிலையத்தில் நான் மருத்துவச்சி. ஊர்ப் பெயர் வேண்டாம்; அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஓடு வேய்ந்த இரண்டு அறைகள், இரண்டு கட்டில்கள், ஒரு மர அலமாரி, ஆயாவாகக் காதர்பீ. எனக்கு வயது இருபத்தாறு, காதர்பீக்கு முப்பது இருக்கும். அவளுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் வரும். வலியில் எந்தப் பாஷையில் கத்தினாலும் அந்தப் பாஷையிலேயே பதில் சொல்வாள்.

அப்போது மாநிலங்களைப் பிரிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எந்தக் கிராமம் தெலுங்கு, எது கன்னடம், எது தமிழ் என்று பெரிய மனிதர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். எல்லைக்கு எந்தப் பக்கத்தில் பிள்ளை பெற விரும்புகிறாய் என்று ஒரு பெண்ணையாவது யாரும் கேட்கவில்லை.

நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தப் புத்தகத்தை ஒளிக்கவில்லை. ஒரு லேடி டாக்டர், நம் பக்கத்துப் பெண்மணிதான், தமிழில் எழுதியது. பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில், குடும்பக் கட்டுப்பாடு கேட்டு வரும் பெண்களுக்கு மேஜையில் வைத்தே கொடுத்தார்கள். மாதவிலக்கு ஏன் வருகிறது, புருஷனும் பெண்சாதியும் சேரும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது, பிள்ளையை எப்படித் தள்ளிப் போடுவது, அதற்கு என்ன உபகரணம், அதை எங்கே கேட்டு வாங்குவது எல்லாம் அதில் இருந்தது. ஒளிவுமறைவு இல்லை. ஆணுடைய படமும் இருந்தது, பெண்ணுடைய படமும் இருந்தது. பெயர் போட்டு, அம்புக்குறி போட்டு.

எத்தனையோ பெண்கள் கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்று என்னிடம் வந்து, பிள்ளை எந்த வழியாக உள்ளே போனது என்று கேட்டிருக்கிறார்கள். இதை மிகைப்படுத்தி எழுதவில்லை. அவர்களுக்காகத்தான் அந்தப் பன்னிரண்டு பிரதிகள்.

தேரில் இருந்தால் குற்றமில்லை

சட்டம் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதை எனக்காக ஆஜரான வக்கீல் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆபாசமான புத்தகத்தை விற்றாலோ, விநியோகித்தாலோ குற்றம். இருபது வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குக் கொடுத்தால் அதைவிடப் பெரிய குற்றம். "நீங்க பதினாறு, பதினேழுன்னு உங்க வாயாலயே சொல்லிட்டு வந்திருக்கீங்களே அம்மா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப பொண்ணுக்குக் கல்யாணம் பண்ண எத்தன வயசு சார்?"

"பதினஞ்சு."

"பதினஞ்சுல பண்ணலாம். பண்ணிக்கிட்டது என்னான்னு படிக்கிறதுக்கு மட்டும் இருபது ஆகணுமா?"

அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டி இன்னொன்று சொன்னார். அதே பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறதாம். கோயிலில் செதுக்கியிருந்தாலும், சாமி தேரில் செதுக்கியிருந்தாலும் அது ஆபாசம் ஆகாதாம்.

காவேரிப்பட்டினத்தில் நான் வளர்ந்த தெருவில்தான் தேர் நிற்கும். அதன் அடித்தட்டில் என்னென்ன செதுக்கியிருக்கும் என்று ஐந்து வயதில் வடம் தொட்டு விளையாடிய எங்கள் எல்லோருக்கும் தெரியும். மரத்தில் அதைச் செதுக்கலாம், மாலை போட்டு ஊர்கோலம் விடலாம். கர்ப்பப்பையின் வாய் எங்கே இருக்கிறது என்று காகிதத்தில் அம்புக்குறி போட்டால் அது குற்றம்.

ஓசூர் பஸ் நிலையத்தில் அந்தக் காலத்தில் வேறு ஒரு விதமான புத்தகங்களும் கிடைக்கும். மஞ்சள் காகிதத்தில் சுற்றி, கேட்கிற விதத்தில் கேட்டால் பலகைக்கு அடியிலிருந்து வரும். அவற்றில் உள்ள பெண்களுக்கு மாதவிலக்கும் கிடையாது, பிரசவமும் கிடையாது. அந்தக் கடைக்காரரை யாரும் கோர்ட்டில் ஏற்றியதில்லை. அவர் வயது கேட்டதாகவும் நான் கேள்விப்படவில்லை.

ஒன்பது பிரதிகள்

கோர்ட்டில் என்னைக் கூண்டில் நிறுத்தினார்கள். கேட்க வந்த கூட்டம் ஜன்னல் வரை நின்றது. அத்தனை பேரும் ஆண்கள். சர்க்கார் தரப்பு வக்கீல் ஒரு பத்தியை எழுந்து நின்று உரக்கப் படித்தார். பிரசவத்துக்குப் பின் எத்தனை நாள் கழித்துச் சேரலாம் என்கிற பத்தி. அதைச் சொல்லிக் கொடுத்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். அவர் படித்த குரலில் அது அசிங்கமாக ஒலித்தது. ஜன்னலில் ஒருவன் விசிலடித்தான். அன்றைக்கு எனக்குக் கண்ணீர் வரவில்லை, காது இரண்டும் அடைத்துப்போய்விட்டது. அவ்வளவுதான் ஞாபகம்.

மாஜிஸ்திரேட் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். அவர் என்னைத் தண்டிக்கவில்லை. எச்சரித்து விட்டுவிட்டு, புத்தகங்களை என் இலாகாவிடமே ஒப்படைத்தார், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. பன்னிரண்டில் ஒன்பது திரும்பி வந்தன. ஒன்பதிலும் படமிருந்த தாள்களைக் காணோம். கத்தரியால் வெட்டியிருந்தால்கூடச் சட்டம் வெட்டியது என்று நினைத்திருப்பேன். கையால் கிழித்திருந்தார்கள், அவசரமாக. இதற்கு யாரிடமும் யாரும் வயது கேட்கவில்லை.

பிறகு மேலதிகாரியின் உத்தரவு வந்தது. புத்தகங்களைப் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். கல்யாணமாகி, இருபத்தொரு வயது நிரம்பியவருக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். கணவர் நேரில் வந்து மருத்துவச்சியின் முன்னிலையில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். பதிவேட்டில் பெயர், வயது, கணவர் சம்மதம், குறிப்பு என்று நான்கு பத்திகள். தகுதி இல்லாதவர்களுக்கு உள்ளடக்கத்தை வாய்மொழியாக விளக்குவதும் கூடாது. மீறினால் வேலை போகும், பழைய வழக்கும் உயிர் பெறும்.

சட்டத்தில் இருபது. உத்தரவில் இருபத்தொன்று. அந்த ஒரு வருஷம் அதிகாரியின் சொந்தப் பயம்.

நான் உத்தரவை மடித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். கீழ்ப்படிந்தேன். இதைத் தனி வரியாகவே எழுதுகிறேன்.

நான் கீழ்ப்படிந்தேன்.

நாகம்மா

சானமாவுக் காட்டோரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நாகம்மா வருவாள். யானை நடமாட்டம் இருக்கும் என்று நன்றாக வெயில் ஏறிய பிறகுதான் புறப்படுவாள். வந்து சேரும்போது கால் முழுக்கச் செம்மண் அப்பியிருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிற விவசாயக் குடும்பம். ஐந்தாவது வரை தமிழில் படித்திருந்தாள். எங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களை எழுத்துக் கூட்டி உரக்கப் படிப்பது அவளுக்குப் பிடித்த வேலை. அம்மை குத்துவது பற்றிய தாளை அவள் எத்தனை முறை படித்திருப்பாள் என்று கணக்கில்லை.

வயது பதினேழு. முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. இரண்டாவது நான்கு நாள் இருந்தது. அந்தப் பிரசவத்தில் அவளுக்கே வலிப்பு வந்து, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தாள். மூன்று வருஷமாவது உண்டாகக் கூடாது, உண்டானால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எப்படி உண்டாகாமல் இருப்பது என்று அவர் சொல்லவில்லை. அவள் அதைக் கேட்க என்னிடம் வந்தாள்.

"டாக்டரு மூணு வருசம் ஆவக் கூடாதுன்னாரு நர்சம்மா. நான் என்னா பண்ணணும்?"

"வூட்டுக்காரர்கிட்ட சொல்லி ஒதுங்கி இரு."

"அவுரு கோலாருல சுரங்கத்துல இருக்காரு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வர்றாரு. வந்தா ஒரே ரூம்புதான எங்களுக்கு? எப்பிடி ஒதுங்கறது?"

நான் இடுப்புச் சாவியை இன்னும் உள்ளே தள்ளிச் செருகிக்கொண்டேன். அவள் அலமாரியைப் பார்த்தாள். கோர்ட்டு விஷயம் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும்.

"அந்தப் புக்குல இருக்குதாமே? எனக்குப் படிக்க வரும் நர்சம்மா. மெதுவாத்தான் வரும், ஆனா வரும்."

"உனக்கு வயசு ஆவல நாகம்மா. உன் வூட்டுக்காரரு வந்து கையெழுத்தும் போடணும்."

"வயசு ஆவலயா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பிள்ளைய மண்ணுல வெச்சிட்டேன், இன்னுமா வயசு ஆவல?"

காதர்பீ என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை. நான் சொன்னேன்: "அவுரு வரட்டும். கூட்டிக்கிட்டு வா. வயசை எப்பிடியாவது பாத்துக்கலாம்."

விதி இருக்கிறதே என்று பதிவேட்டையும் எடுத்து எழுதினேன். நாகம்மா. வயது பதினேழு. கணவர் சம்மதம் இல்லை. புத்தகம் தர மறுக்கப்பட்டது. விதிப்படி நடந்தேன் என்று காட்ட ஒரு அத்தாட்சி வேண்டியிருந்தது எனக்கு.

"யுகாதிக்கு வருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுபடி அவளைப் பார்த்தபோது வயிற்றில் ஐந்து மாதம். முகம் உப்பி, கால் வீங்கி, கொலுசைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். உப்பைக் குறைக்கச் சொன்னேன், படுத்தே இருக்கச் சொன்னேன், கிருஷ்ணகிரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். சொல்வதற்கு அனுமதி உள்ளதையெல்லாம் சொன்னேன். அவள் தலையைத் தலையை ஆட்டினாள். அன்று சுவரில் எதையும் படிக்கவில்லை.

ஏழாவது மாதத்தில், ஒரு நண்பகலில், மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். வழியிலேயே இரண்டு முறை வலிப்பு வந்திருந்தது. எங்கள் கட்டிலில் மூன்றாவது. அவள் நாக்கைக் கடித்துவிடாமல் நான் துணி வைத்துப் பிடித்துக்கொண்டேன். காதர்பீ தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். வண்டியைக் கிருஷ்ணகிரிக்குத் திருப்பினோம். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் நாகம்மா போய்விட்டாள். பிள்ளையும்.

பூட்டியிருந்தது

காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவள் புருஷன் வெங்கடப்பா வந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். வாசலிலேயே நின்றான். சண்டை போட வந்திருக்கிறான் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"நர்சம்மா, ஒண்ணு கேக்கணும். யுகாதிக்கு நாங்க ரெண்டு பேரும் வந்தோம்."

"எங்க வந்தீங்க?"

"இங்கதான். எதோ கையெழுத்து போடணுமாமே. அவதான் கூட்டியாந்தா. எனக்குக் கையெழுத்து வராது, ரேகை வெச்சா போதும்னா. வந்தா பூட்டியிருந்துச்சி. மறுநாளும் வந்தோம், பூட்டித்தான் இருந்துச்சி. நான் வேலைக்குப் போவணும்னு பஸ் ஏறிட்டேன்."

அந்தப் பண்டிகைக்கு விடுமுறை. நான் காவேரிப்பட்டினத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். காதர்பீயும் அவள் ஊருக்குப் போயிருந்தாள். அந்த இரண்டு நாள் அம்மா எனக்கு எண்ணெய் தேய்த்து விட்டதும், வெந்நீர்ப் புகையில் கண் எரிந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அந்த ரேகைய வெச்சிருந்தா செத்திருக்க மாட்டாளா நர்சம்மா?"

அவன் கேட்டது குற்றச்சாட்டு அல்ல. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

அவன் போனதும் அலமாரியைத் திறந்தேன். ஒன்பது புத்தகங்களையும் எடுத்து மேஜை மேல் வைத்தேன். கிழிந்துபோன படங்களை வெள்ளைத் தாள்களில் நானே பென்சிலால் வரைந்தேன். காதர்பீ தாள்களை ஒட்டினாள். மறுநாள் முதல் வந்து கேட்ட அத்தனை பெண்களுக்கும் கொடுத்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் படித்தேன், காதர்பீ மற்ற மூன்று பாஷைகளிலும் சொன்னாள். ஒருத்தி படித்து முடித்துக் கொண்டுவந்தால் அடுத்தவள் வாசலில் காத்திருந்தாள்.

பதிவேட்டையும் நிரப்பினேன். எல்லோருக்கும் வயது இருபத்தொன்று. எல்லோருக்கும் கணவர் சம்மதம் உண்டு. அந்தப் பத்தியில் கைநாட்டாக இருந்தவை என்னுடைய பெருவிரலும் காதர்பீயின் பெருவிரலும், மாற்றி மாற்றி. பொய் எழுதுகிறோம் என்று எனக்கு ஒரு கணம்கூட உறுத்தவில்லை. அவர்களில் ஒருத்திக்குக்கூடப் பிறந்த தேதி எழுதி வைத்தவர் யாருமில்லை. பிறந்ததைக் குறித்து வைக்காத சர்க்காருக்கு, புத்தகம் என்றதும் மட்டும் வயது தேவைப்பட்டது.

விசாரணை

ஆறேழு மாதம் ஓடியது. யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள். உத்தரவு போட்ட அதே அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்து பதிவேட்டைக் கேட்டார். பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"என்னம்மா, இந்த வட்டாரத்துல இருக்கிற பொண்ணுங்க எல்லாருக்கும் இருபத்தொரு வயசா?"

"ஆமாங்க சார்."

"எல்லா வீட்டுக்காரரும் வந்து சம்மதம் குடுத்தாங்களா?"

"ஆமாங்க."

"என்னை என்ன முட்டாள்னு நினைச்சியா?" என்றார். அதுவரை இருந்த மரியாதை அதோடு போய்விட்டது. "ஒரு வரியாவது உண்மையா எழுதியிருக்கியா இதுல?"

"ஒண்ணு இருக்குதுங்க சார். முதல் பக்கம் பாருங்க."

அவர் புரட்டினார். நாகம்மாவின் வரியைத் தவிர அந்தப் பக்கத்தில் வேறு எதுவும் இல்லை. அவள் பெயருக்குப் பக்கத்தில் குறிப்புப் பத்தியில், அவள் இறந்த பிறகு நான் ஒரு வார்த்தை சேர்த்திருந்தேன்: மரணம்.

"உங்க உத்தரவுப்படி நான் நடந்தது அந்த ஒருத்திகிட்டத்தான் சார்" என்றேன். "மத்தவங்க எல்லாம் உசிரோட இருக்காங்க. யாரை வேணும்னாலும் கூப்பிட்டு வயசு கேளுங்க."

காதர்பீ அறை வாசலில் வந்து நின்றுகொண்டாள். வெளியே குறைந்தது ஏழெட்டுப் பெண்கள், குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். யாரையும் கூப்பிடவில்லை.

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். நான் இருபத்தொன்று என்று எழுதிய ஒவ்வொரு வரியின் கீழும் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அதற்கெல்லாம் நான் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்றார். நான் தந்த விளக்கமும், அதற்காக என்னை மாற்றல் போட்டுத் தூக்கி எறிந்த ஊரும் இன்னொரு கதை.

புறப்படும் முன் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். பதினேழு, கணவர் சம்மதம் இல்லை, மறுக்கப்பட்டது, மரணம். மெதுவாகப் படித்தார். விதிக்கு மாறாக அதில் ஒன்றும் இல்லை. அந்த வரிக்கு எதிரே சிவப்புப் பென்சிலால் "சரி" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.